அப்பா திரும்பிப் போய்விடுவார் என்பதற்கான காரணங்கள்

1

சென்ற சனிக்கிழமை அம்மாவின் இரண்டாம் ஆண்டு நினைவு நாள். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஜெபம் நடந்தது. இங்கே அடிலெய்டில் நான் சமையலறை மேடையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தேன். அங்கே யாரோ போனை டிவிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். பாதித் திரையில் மின்விசிறிதான் தெரிந்தது. பாட்டு ஒன்று, வேதபாடம் ஒன்று, குருவானவரின் சிறிய பிரசங்கம் ஒன்று. என் மகள் ஷாரன் முதல் பாட்டு வரைக்கும் பக்கத்தில் நின்றாள். பிறகு தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்பி வரவில்லை.

ஜெபம் முடிந்து காபி கொடுக்கும் நேரத்தில் போனை அணைக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள். நானும் அணைக்கவில்லை. பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, அப்பாவிடம் என்னைச் சொல்லிக் கேட்பது தெளிவாகக் கேட்டது.

"ஏன் கொழுந்தப்பிள்ள, பிளெஸிகிட்ட போறதுக்கு விசா வந்துட்டாம்லா? கெளம்ப வேண்டியதுதான?"

அப்பா சிரித்தார். "போவலாம்தான் மதினி. பிசான நெல்லுக்கு நாத்துப் பாவியாச்சு. அசனத்துக்குக் காய்கறிப் பொறுப்பு எந்தலையில கெடக்கு. பொறவு இவ கல்லறைய வாராவாரம் யாரு பாப்பா? எனக்கு இங்கன என்ன கொற, சொல்லுங்க?"

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் "அதுவும் சரிதான்" என்றார். யாருக்கும் மறுத்துப் பேசத் தோன்றவில்லை. தோன்றவும் தோன்றாது. வயல், அசன விருந்து, கல்லறை என்ற அந்த வரிசையை யோசித்து யோசித்து அமைத்தது நான்தான். நான் எழுதிய கடிதத்தின் மூன்று பத்திகளைத்தான் அப்பா காபி டம்ளரோடு நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இது எப்படி நடந்தது என்று ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. எனக்கே இன்னும் முழுதாக விளங்கியிருக்கிறதா, தெரியவில்லை.

2

திருமணத்துக்கு முன்பு நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். பாடம் நடத்தியதைவிடப் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ததுதான் அதிகம். பாளையங்கோட்டையில் பள்ளிகளுக்கும் குறைவில்லை, போட்டிகளுக்கும் குறைவில்லை. பேச்சை ஆசிரியர் எழுதிக் கொடுப்பார், பிள்ளை மனப்பாடம் செய்யும். இது எல்லோரும் அறிந்த ஏற்பாடு, யாரும் தவறாக நினைப்பதில்லை. நான் எழுதிய தாள்களில் எங்கே மூச்சு விடவேண்டும், எங்கே குரலை ஏற்றவேண்டும், எங்கே ஒரு கணம் நிறுத்தி நடுவர்களைப் பார்க்கவேண்டும் என்றெல்லாம் பென்சிலால் குறித்திருப்பேன். கடைசிப் பத்தியில் முதல் வரிசையில் இருப்பவர் கண்ணைத் துடைக்கவேண்டும். துடைத்தால் பரிசு நமக்கு.

அப்பாவும் வந்து உட்காருவார். அப்பா டவுண் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போட்டி முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது அவர் தீர்ப்பு சொல்வார்.

"அந்த நாலாவது பய நல்லா பேசுனாம்ட்டி. ஆனா என்ன பேசுனான்னு இப்ப கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல."

இங்கே வந்த பிறகு சனிக்கிழமைகளில் ஒரு சமூகக் கூடத்தில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ஆண்டு விழா நெருங்கினால் பெற்றோர் வந்து நிற்பார்கள். "நீங்களே எழுதிக் குடுத்துருங்க டீச்சர். எப்படியாவது மனப்பாடம் பண்ண வச்சிடறோம்" என்பார்கள். அப்படித்தான் ஒரு பையனுக்கு, தாய்மொழியே சிறந்தது என்று எழுதிக் கொடுத்தேன். அவன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மிகவும் மரியாதையாகக் கேட்டான்: "டீச்சர், ஆனா நான் அப்படி நினைக்கலையே. பேசலாமா?"

பேசலாம் என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

3

அம்மா இறந்தபோது ஊருக்கு வந்து மூன்று வாரம் இருந்தேன். கிளம்பும் நாளில் அப்பா என் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, ஆட்டோக்காரரிடம் ரயில்வே ஸ்டேஷனுக்கு எந்த வழியாகப் போகவேண்டும் என்று விளக்கமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அன்றே முடிவு செய்தேன், அப்பாவை எப்படியாவது கொஞ்ச காலம் இங்கே அழைத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று.

பார்வையாளர் விசாவுக்கு அழைக்கும் பிள்ளைகள் ஒரு கடிதம் எழுதி இணைக்க வேண்டும். எழுதுவது எனக்குப் புதிதா? ஒரே மாலையில் எழுதி முடித்தேன். அம்மா போன பிறகு அப்பா தனியாக இருக்கிறார். சமைக்கத் தெரியாது. ஒரு வேளை வடித்ததை மூன்று வேளையும் சாப்பிடுகிறார். நான் ஒரே மகள். என் மகளுக்குத் தாத்தாவின் மடி எப்படியிருக்கும் என்றே தெரியாது. எல்லாம் உண்மை. கடைசிப் பத்தியை எழுதும்போது நானே அழுதேன்.

அத்தோடு நிற்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பள்ளிக்கூடச் சீட்டானாலும் வேலையானாலும், சபை குருவானவரிடம் ஒரு கடிதம் வாங்கி வைக்காமல் நாங்கள் எந்த விண்ணப்பமும் போடமாட்டோம். அப்பா போய்க் கேட்டார். குருவானவர், எங்கள் வழக்கில் ஐயர், நல்ல மனிதர், நல்ல ஆங்கிலம். "இவர் மனைவியை இழந்து தனிமையில் வாடுகிறார். மகளோடு வாழ்வது ஒன்றே இவருடைய எஞ்சிய நாட்களுக்கு ஆறுதல்" என்று முத்திரையோடு எழுதிக் கொடுத்தார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஐயரு எழுதுன எழுத்துக்கு ஏரோப்ளேனே வீட்டு வாசலுக்கு வந்துரும்ட்டி" என்றார் போனில்.

சில வாரங்களில் பதில் வந்தது. விண்ணப்பதாரர் தற்காலிகமாகத் தங்கிவிட்டுத் தன் நாட்டுக்குத் திரும்பிச் செல்வார் என்பதில் தமக்குத் திருப்தி ஏற்படவில்லை என்று அதிகாரி எழுதியிருந்தார். மறுத்ததற்கு ஆதாரமாக அவர் காட்டியவை என் கடிதமும் குருவானவரின் கடிதமும்தான்.

அப்பாவிடம் சொல்வதற்கு இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். சொன்னபோது அவர் அதிர்ந்த மாதிரித் தெரியவில்லை. "அவன் கண்ணுல தண்ணி வரலியோ?" என்று மட்டும் கேட்டார்.

4

அந்த வாரம் ஷாரனுக்குப் பள்ளியில் ஒரு பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒருவரைத் தம் கருத்துக்கு இணங்கவைக்க எழுதுவது எப்படி என்ற பாடம். இங்கே நான்காம் வகுப்பிலேயே இதைத் தனிப் பயிற்சியாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மதிய உணவு இடைவேளையை நீட்டவேண்டும், பள்ளியில் கோழி வளர்க்கவேண்டும், இப்படித் தலைப்புகள். எழுதுவதற்கு முன் ஒரு தாளை இரண்டாக மடித்து ஆதரவையும் எதிர்ப்பையும் குறிக்கவேண்டும். எதிர்ப்பில் உள்ளதை மறைக்காமல் எடுத்துச் சொல்லி, அதற்கும் பதில் தரவேண்டும். நாங்கள் மேடையில் எதிரணியைக் கேலி செய்து கைத்தட்டல் வாங்குவோமே தவிர, அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

வீட்டுப்பாடத்துக்கு அவள் தானே தேர்ந்தெடுத்த தலைப்பு: தாத்தா எங்களோடு வந்து தங்கலாமா? எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுப்பில் உருளைக்கிழங்கு வதக்கிக்கொண்டே தாளை எட்டிப் பார்த்தேன். ஆதரவுப் பக்கத்தில், அம்மா சந்தோஷமாக இருப்பாள், அம்மா போனில் அழமாட்டாள், தாத்தாவுக்குச் சாப்பாடு கிடைக்கும் என்று மூன்று. எதிர்ப்பில் ஒன்றே ஒன்று: எனக்கும் அவருக்கும் பேசச் சொற்கள் சீக்கிரம் தீர்ந்துவிடுகின்றன.

அது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமைப் போனில் அவர் "சாப்ட்டியா மக்கா?" என்பார். அவள் "சாப்பிட்டேன் தாத்தா" என்பாள். "என்ன சாப்ட்ட?" என்பார். அவள் "ரைஸ்" என்பாள். பிறகு இரண்டு பேரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் சனிக்கிழமைதோறும் ஊரார் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன்.

"இதுக்கு என்ன பதில் எழுதப் போற?" என்று கேட்டேன்.

"இன்னும் தெரியல" என்றாள் ஆங்கிலத்தில். பிறகு, நான் மேசையில் வைத்திருந்த மறுப்புக் கடிதத்தைப் பார்த்து, அது என்ன என்று கேட்டாள். நான் எழுதிய கடிதத்தையும் படிக்கக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேனோ, பெருமைக்காக இருக்கலாம். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று அவளாவது சொல்லட்டும் என்று நினைத்திருக்கலாம்.

அவள் விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். "அம்மா, இத யார் படிப்பாங்க?"

"விசா ஆபீசர்."

"அவர் எதுக்குப் பயப்படுதார்?"

சொல்லுதான், பயப்படுதார் என்ற இந்தப் பேச்சு மட்டும் எங்கள் வீட்டுத் தமிழிலிருந்து அவளிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுதத் தொடங்குமுன் படிப்பவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவளுடைய ஆசிரியை சொல்லிக் கொடுத்ததாம்.

"தாத்தா வந்தா திரும்பிப் போகமாட்டார்னு பயப்படுறார்" என்றேன்.

ஷாரன் கடிதத்தை மறுபடி பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில், என்னைப் புண்படுத்தக் கூடாது என்ற கவனத்தோடு மெதுவாகச் சொன்னாள். "அப்படின்னா நீங்க அந்த ஆபீசருக்குத்தான் உதவி பண்ணியிருக்கீங்க அம்மா. தாத்தா ஏன் திரும்பிப் போகமாட்டார்னு எல்லாக் காரணமும் இதுல இருக்கு."

உருளைக்கிழங்கு அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் அடுப்பு ஞாபகம் வந்தது.

5

இரண்டாவது கடிதத்தை எழுத மூன்று வாரம் ஆனது. அதிகாரியின் பக்கத்தில் நின்று யோசிப்பது எனக்குப் பழக்கமில்லை. அப்பாவுக்கு அங்கே என்னவெல்லாம் இருக்கிறது என்று யோசிக்க வேண்டியிருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுவரை நான் அப்படி யோசித்ததே இல்லை. அவரிடம் என்ன இல்லை என்பதுதான் என் மனப்பாடம்.

முதல் பத்தியில் வயல். சீவலப்பேரியில் ஆற்றுப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. கார், பிசானம் என்று இரு பருவ நெல்லும் விளையும். ஓய்வு பெற்ற பிறகு அப்பா அதைக் குத்தகையிலிருந்து மீட்டுத் தானே பார்க்கிறார். ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறிப் போய்விடுவார். இரண்டாவது பத்தியில் சபை. ஆண்டுதோறும் அசனப் பண்டிகை, சபையார் எல்லோரும் கூடி உண்ணும் பெரிய விருந்து. அதற்குக் காய்கறி வாங்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக அப்பாவுடையது. விடியுமுன் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காயை ஒடித்துப் பார்த்து வாங்குவார். அவர் இல்லாமல் அது நடக்காது என்று எழுதினேன். நடக்கத்தான் செய்யும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் முற்றிலும் பொய்யில்லை. இந்த முறை குருவானவரும் தனிமையைப் பற்றி எழுதாமல், பொறுப்பைப் பற்றி எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவது பத்திக்குக் காரணம் தேடியபோது அம்மாவின் கல்லறை நினைவுக்கு வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பா கல்லறைத் தோட்டத்துக்குப் போவார். சருகைப் பெருக்கி, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வருவார். "என் தாயின் கல்லறையைப் பராமரிப்பவர் அவர் ஒருவரே. அதை விட்டு அவர் நீண்ட நாள் விலகி இருக்கமாட்டார்" என்று எழுதினேன். எழுதிவிட்டு அழித்தேன். மறுநாள் மறுபடி எழுதினேன். அது வலுவான காரணம். வலுவானது என்று எனக்குத் தெரிந்ததால்தான் வைத்தேன்.

அனுப்புவதற்கு முன் என் கணவர் ஒன்று சொன்னார். அவருடன் வேலை பார்ப்பவரின் அம்மாவுக்கு விசா அலுவலகத்திலிருந்து போன் வந்ததாம். மகன் எழுதியது ஒன்று, அந்த அம்மா சொன்னது ஒன்று. அதனால் விசா கிடைக்காமல் போனதாம். "மாமாவுக்கு முழுசாப் படிச்சுக் காட்டிரு. கேட்டா அவங்களும் அதையே சொல்லணும்."

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அப்பாவுக்கு நான்தான் தமிழில் சொல்லவேண்டும். ஒரு ஞாயிறு மாலை போன் செய்து, பத்தி பத்தியாகப் படித்தேன். உங்களுக்கு அங்கே வயல் இருக்கிறது. உங்களுக்கு அங்கே வேலை இருக்கிறது. உங்களை நம்பி ஒரு சபை இருக்கிறது. நண்பர்கள் இருக்கிறார்கள், சொந்த வீடு இருக்கிறது, ஓய்வூதியம் வருகிறது. எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவீர்கள், இங்கே தங்கிவிட உங்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. பெற்ற தகப்பனிடம் இதைச் சொல்லும்போது குரலை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. செய்தி வாசிப்பதுபோல் வாசித்தேன். கல்லறையைப் பற்றிய இடம் வந்தபோது, அதுவரை அப்பா கொட்டிக்கொண்டிருந்த "ம்" நின்றுவிட்டது.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன். வாசி."

முடித்தேன். பிறகு அப்பா சிரித்தார்.

"ஏட்டி, நீ எழுதியிருக்கத கேட்டா எனக்கே என்னப் பாத்துப் பொறாமையா இருக்கு. இவ்வளவு நல்லாவா இருக்கேன் நான்?"

"விசாவுக்காகத்தானப்பா" என்றேன்.

"அது தெரியும்லா. ஒருக்கா கூட வாசி. மனசுல நிக்கட்டும்."

மறுபடி வாசித்தேன்.

6

விசா அலுவலகத்திலிருந்து யாரும் அவருக்குப் போன் செய்யவில்லை. ஒரு கேள்வியும் கேட்காமல் விசா கொடுத்துவிட்டார்கள். ஓர் ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், மூன்று மாதம் தங்கலாம். நான் வேலை செய்யும் இடத்திலிருந்தே அப்பாவைக் கூப்பிட்டேன். கிறிஸ்துமஸுக்கு இங்கே இருக்கலாம், ஷாரன் தன் அறையைத் தருவதாகச் சொல்லிவிட்டாள் என்றெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"சந்தோஷம்ட்டி" என்றார். "பைய பாப்போம்."

"எதுக்குப்பா பைய? டிக்கெட் பாக்கணும்லா."

"இல்ல, நீ சொன்னத நான் யோசிச்சுப் பாத்தேன். பிசானம் வருது. வயல விட்டுட்டு எங்கன வர? அசனம் வேற இருக்கு. உங்கம்மா கல்லறைக்கும் ஆளு வேணும்."

"அப்பா, அது அவங்களுக்காக எழுதினது."

"பொய்யா எழுதுன?"

"பொய்யில்ல. எல்லாம் உண்மைதான்."

"பொறவென்ன?"

எத்தனை பிள்ளைகளுக்கு எதிர்வாதம் எழுதிக் கொடுத்திருப்பேன். முதல் கடிதத்தில் இருந்ததும் உண்மைதானே அப்பா என்று சொல்லியிருக்கலாம். சமைக்கத் தெரியாது, பேச ஆளில்லை, தனியாக இருக்கிறீர்கள் என்று அவர் முகத்துக்கு நேரே அடுக்கியிருக்கலாம். அது அவரை அவமானப்படுத்துவதாகும் என்று தோன்றியது. ஓர் அதிகாரியிடம் தயங்காமல் சொன்னதை அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் உண்மையிலேயே என் காரணங்களை ஏற்றுக்கொண்டுவிட்டாரா, இல்லை, மகள் என்னை இப்படித்தான் பார்க்கிறாள், நான் இல்லாமல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று மனம் தளர்ந்துவிட்டாரா? நாளெல்லாம் இதையே யோசிக்கிறேன். பாத்திரம் கழுவும்போது ஒரு பதில் சரியென்று படுகிறது. துணி மடிக்கும்போது மற்றது. ஒருவேளை அவருக்கு இந்தத் தூரமும் விமானமும் பயமாக இருந்து, நான் கொடுத்த காரணங்கள் வசதியாகப் போய்விட்டனவோ? கேட்டால் சொல்லமாட்டார். எனக்குக் கேட்கவும் பயம்.

என் கணவர் இன்னொரு கடிதம் எழுதச் சொல்கிறார், இந்த முறை அப்பாவுக்கே. ஷாரனும் அதையேதான் சொன்னாள். உட்கார்ந்து பார்த்தேன். அப்பா எதற்குப் பயப்படுகிறார் என்ற கேள்வியிலேயே நின்றுவிட்டேன். இத்தனை வருடம் மகளாக இருந்தும் அதற்குப் பதில் எனக்குத் தெரியவில்லை.

நினைவு நாள் ஜெபம் முடிந்து இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை, அப்பாவைக் கூப்பிட்டேன். அங்கே காலை பதினோரு மணி இருக்கும். வயலுக்குப் போக பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன் என்றார். ஷாரன் எப்படி இருக்கிறாள், மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்துவிட்டாரா, அங்கே வெயிலா மழையா என்று வழக்கமாகக் கேட்பதையெல்லாம் கேட்டார். பெரியம்மாவிடம் அவர் சொன்னதைக் கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. தயார் செய்து வைத்திருந்த எதையுமே சொல்லவில்லை.

"வாங்கப்பா" என்றேன்.

"வாங்கப்பா" என்றேன் மறுபடி. அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"பஸ் வந்துட்டும்மா. வைக்கேன்" என்றார்.

உடனே வைக்கவில்லை. வெகுநேரம் போன் அப்படியே இருந்தது. ஒரு சைக்கிள் மணி கேட்டது, தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்டது, அப்பாவின் மூச்சு கேட்டது. பஸ் எதுவும் வரவில்லை.